முதல் தண்ணி

முதல் வரைவில் பகடையின் ஆறு பக்கத்துக்கும் ஆறு சாப்பாடு:
சாளை, மரச்சீனி, தீயல், ரசவடை, பப்படம், மட்டிப்பழம்.
ஒரே படம் மூன்று விழுந்தால் பத்துப் புள்ளி.
அட்டையில் ஒரு வாழையிலை வரைந்தேன்,
அந்தப் பச்சைக்கே இரண்டு நாள் போனது.

குளச்சல் ஐஸ் கம்பெனியில்
இரவுக் கணக்கு எழுதுகிற ததேயு
இரண்டு சுற்று ஆடிவிட்டுக் கேட்டான்:
"சாளைய எடுத்துட்டு ஆணி படம் போட்டா
ஆட்டம் நிக்குமா?"
நிற்காது.
"மரச்சீனிக்குப் பதிலா சைக்கிள் டியூப்?"
அதுவும் ஓடும்.
"அப்ப இது சாப்பாடு இல்ல மக்கா,
சாப்பாட்டுக்கடை போர்டு."

கோபத்தில் கருங்கல் பஸ் ஏறினேன்.
ஒவ்வொரு வளைவிலும்
சட்டைப்பைக்குள் பகடைகள்
யாருக்கோ விழுந்துகொண்டே வந்தன.

அன்றைக்கு இரவு மரச்சீனி அவித்தேன்.
முதல் கொதியைச் சாய்த்து ஊற்றும்போது
ஆவி மூக்குக்கண்ணாடியை மூடியது.
சட்டி தெரியவில்லை,
விதி தெரிந்தது.
மரச்சீனிக்கு ஆடுகிறவர் முதல் வீச்சைக் கொட்டிவிட வேண்டும்.
ஆறு விழுந்தாலும்.
மூன்று ஆறு விழுந்தாலும்.
ஆசைப்பட்டு வைத்துக்கொண்டால்
ஒரு சுற்றுக்குத் தலைசுற்றிப் படுக்க வேண்டியதுதான்.

படங்களை அழித்துவிட்டுப் புள்ளிகளுக்குத் திரும்பினேன்.

விடியுமுன் ஏலக்கூடம்.
எண்ணூறில் தொடங்கிய சாளைக்கூடை
வெயில் ஏற ஏற அறுநூறு,
நானூற்றைம்பது,
கடைசியில் கோழித்தீவனக்காரன் வாய்க்கு வந்த விலை.
ஆக, சாளைப் பகடையை உருட்டவே வேண்டாம்.
ஆறில் வை. சுற்றுக்கு ஒரு புள்ளி கீழே திருப்பு.
ஐஸ் வாங்கினால் ஒரு சுற்று அப்படியே நிற்கும்.
ஐஸுக்கு எத்தனை புள்ளி என்று ததேயுவிடம் கேட்டேன்.
விலை சொன்னான், தள்ளுபடி தரவில்லை.

உப்புக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
உப்புத்தட்டில் வைத்த பகடை வைத்ததுதான்.

தீயலுக்கு ஒரு மாதம்.
தேங்காய் வறுபடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்:
பொன்னிறத்தில் இறக்கினால் ஒன்று,
செம்மண் நிறத்துக்கு நாலு,
கருப்புக்கு ஒரு இமை முன்னால் பன்னிரண்டு,
இமைத்தால் சட்டியோடு போச்சு.
எத்தனை தரமும் உருட்டலாம்,
எப்போது இறக்குவது என்பது உன் மூக்கு.
டியூஷனில் கணக்கெடுக்கும் பெனட்டா
நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்து
"நாலாவது வீச்சோட இறக்கணும்" என்றாள்.
ஆடும்போது ஏழாவதும் உருட்டிக் கருக்கினாள்.
"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

பப்படத்துக்கு எந்த விதியும் ஒட்டவில்லை.
அதன் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருந்தது,
ஒவ்வொரு கொப்புளத்துக்கும் நிழல் போட்டிருந்தேன்.
தூக்கிப்போட மூன்று வாரம் ஆனது.
ரசவடையை மறுநாளே எடுத்துவிட்டேன்.
மட்டிப்பழம் பெட்டிக்கு வெளியே, தட்டில் இருக்கிறது,
ஜெயித்தவரும் தோற்றவரும் உரித்துத் தின்னலாம்.

போன ஞாயிறு நாலு பேர் உட்கார்ந்தோம்.
தகரத்தில் மழை, கரண்ட் இல்லை,
நடுவில் மொபைல் வெளிச்சம்.
ததேயு மரச்சீனிக்கு உருட்டினான்.
ஆறு.
ஆறு.
மூன்றாவது சுவரில் முட்டித் திரும்பி வந்து
அதுவும் ஆறு.

யாரும் பேசவில்லை.
அவன் மூன்றையும் கைக்குள் வாரினான்,
மேசை விளிம்புக்குக் கொண்டுபோனான்,
சாய்த்துக் கொட்டும்போது
முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான்,
ஆவி அடிக்குமே என்று.

நான் மூச்சே விடவில்லை.

இரண்டாம் வீச்சு:
இரண்டு, ஒன்று, ஒன்று.

"வெந்துட்டு" என்றான்.