நாலாவது இலை

இரவு பதினொன்று நாற்பதுக்கு விழுந்தது.
டென்மார்க்கில் அப்போது இன்னும் வெளிச்சம்.
லாட் நானூற்றுப் பதினேழின் நிறம் என்ன என்று
கேட்டவனுக்கு
நிறத்தைத் தவிர எல்லாம் சொன்னது என் சர்வர்:
எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி,
டேட்டாபேஸ் பெயர்,
விளையாட்டாக நான் வைத்த ஃபோல்டர் பெயர்கூட.
சந்தை நடுவில் அடி பிய்ந்த சாக்கு.

மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்:
உங்கள் முட்டைபோண்டாவில் ஏதோ பழுது.

கிட்டுசாமி அண்ணன் போனில் கேட்டார்,
"ஏனுங் அம்மணி, பனியன் கம்பெனியில
போண்டா எங்கிருந்துங் வந்துச்சு?"

அதற்கு முந்தின மாதம் இதற்கு நேர்மாறு.
நாற்பத்திரண்டு கிலோ துணி வந்து சேரவில்லை.
சர்வர் மட்டும் பச்சை எழுத்தில்
இருநூறு, எல்லாம் நலம் என்றது.
பிடித்த பிழையை
அங்கேயே விழுங்கியிருந்தது
ஒன்றும் எழுதாத ஒரு அடைப்பு.
யார் எழுதியது என்று தேடினேன்.
என் பெயர்.
தீபாவளிக்கு முந்தின நாள், மாலை ஐந்து ஐம்பது.
போனஸ் கவரோடு
புது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய நாள்.

டீக்குக் கீழே இறங்கினேன்.
டியூப்லைட் அடியில் செக்கிங் மேசை.
கஞ்சத்திலிருந்து வந்த மினாட்டி
சட்டை சட்டையாக விரித்து, திருப்பி,
இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண்ணெய்க் கறை. ஊசிக் கோடு. அக்குளில் பொத்தல்.
தைத்தவளைத் திட்டவில்லை.
பொத்தலை மடித்து மறைக்கவில்லை.
சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்து ஒட்டினாள்,
நோட்டில் ஒரு கோடு போட்டாள்,
அடுத்த சட்டை.
டீ ஆறிப்போயிருந்தது. எனக்கும்தான்.

மேலே வந்து
எல்லா வழிகளையும் எழுதி முடித்த இடத்துக்கும் கீழே,
கடைசியாக,
ஒரு ஃபங்ஷன் வைத்தேன்.
நாலு இலை.
பிழைக்கு ஒன்று, கேட்டவனுக்கு ஒன்று,
பதிலுக்கு ஒன்று,
அடுத்து வருகிறவனுக்கு ஒன்று.
அந்த நாலாமவனை நான் கூப்பிடப்போவதே இல்லை.
இருந்தாலும் இலை போட்டாக வேண்டும்;
மூன்று போட்டால்
வேறு யார் வீட்டு விசேஷமோ என்று
பிழை வாசலோடு போய்விடும்.
பந்தியை முன்னால் போட்டாலும் ஆகாது,
பின்னால் கிளம்பி வருகிற பிழை
திரும்பிப் பார்க்காது.

அதோடு விட்டதா?
பெருந்துறை ரோட்டுச் சாயப்பட்டறைக்குப் போன துணி
அங்கேயே கிழிந்தால்
இந்த மேசைக்கு எப்படித் தெரியும்?
யாராவது தூக்கி வர வேண்டும்.
போய் வரும்வரை காத்திருக்கிற ஒவ்வொரு அழைப்புக்கும்
ஒரு ஆள் நிறுத்தினேன்,
கிழிந்தால் முழுங்காதே, அடுத்து என்று அனுப்பு என்று.
முப்பத்தோரு இடம்.
மூன்று மணிக்கு முப்பத்திரண்டாவது கண்ணில் பட்டது.

காலையில் அண்ணன் முன்னால்
வேண்டுமென்றே ஒன்றை உடைத்தேன்.
திரையில் ஒரே வரி:
எங்கள் பக்கம் தவறு. குறித்துக்கொண்டோம்.

சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"தப்புன்னு நாமளே சொல்லோணுங்களா?"

"இல்லைன்னா போண்டாங்ணா."

வாய்க்குள் எதையோ முனகினார்.
சரி என்றும் கேட்டது, சனியன் என்றும் கேட்டது.

மதியத்துக்குள் உள்நோட்டில் ஏழு அம்புகள்.
ஐந்து என்னுடையவை.
முதலாவதைத் திறந்து வைத்திருக்கிறேன்,
சாப்பிடப் போகவில்லை.
ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றவில்லை.
இனிமேல் அது வெளியே தெரியாது.