பதினோராம் கட்டம்

பதினோராம் கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.
"கருவி பயன்படுத்தப்படும் இடம்."
கட்டம் ஒரு விரலளவு.
எங்கள் லொறி அதற்குள் நிற்காது.

ஆனியில் நயினாதீவு. ஜெனரேற்றரை வள்ளத்தில் ஏற்றி
உப்புத் தண்ணி படாமல் படங்கு மூடிக் கொண்டுபோவோம்.
அதே மாதம் பாசையூரில் அந்தோனியார்.
ஆடியில் மாவிட்டபுரம், ஆவணியில் சன்னதி,
புரட்டாதியில் வல்லிபுரம். மணலில் சில்லுப் புதையும்.
இடையில் கலியாணம், சாமத்தியவீடு,
ஒருமுறை மாட்டுவண்டிச் சவாரி.

"யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும்" என்று எழுதினேன்.
வெட்டினேன்.
முழுவதும் என்ற சொல்
இந்த மாதிரிக் கடதாசியில்
கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

வணிகப் பெயர்: மின்மினி ஒலி ஒளி, கொக்குவில்.
உரிமையாளர் என்ற இடத்தில்
'திரு' மட்டும் அச்சடித்திருந்தார்கள்.
பக்கத்தில் நெருக்கி 'மதி' போட்டு
பத்மலோஜினி என்று எழுதினேன்.

தேவைக்கான காரணம், இரண்டு வரிக்குள்.

போன ஆடி, மாவிட்டபுரத் தேர்.
அவ்வளவு சனத்துக்குள் ஒரு ஃபோனும் எடுபடவில்லை.
மேற்கு வீதியில் வயர் அறுந்து ஈரத்தில் கிடந்தது.
ஆரும் மிதித்துவிடுவினம் என்று
சதுர்ஜன் கையால் தள்ளப் போனான்.
ஜெனரேற்றர் அறுநூறு யார் தள்ளி, மடத்துக்குப் பின்னால்.
யூட் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.
"நிப்பாட்டு" என்று நான் கத்தினது
என்ர பெட்டிகளே அதிரவிட்ட தவிலுக்குள்
அமுங்கிப் போச்சு.
ஓடினேன்.
தேங்காய் உடைத்த சிரட்டைகளுக்கு மேலால்
செருப்பில்லாமல் ஓடினேன்.

இரண்டு வரிக்குள்:
"வேலையாட்களின் பாதுகாப்புக்காக.
கூட்ட நேரத்தில் தொலைபேசி வேலை செய்வதில்லை."

அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது.
மிச்சம் மூன்றால் ஸ்குறூ முறுக்கப் பழகிவிட்டான்.
அதற்குக் கட்டம் இல்லை.

"இதற்கு முன் இவ்வகைக் கருவி வைத்திருந்தீர்களா?"

பாதை திறந்த வருசம் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்தார்.
மஞ்சள் பிளாஸ்டிக், இரண்டு.
நான் கிணத்தடியில், தம்பி கோடிக்குள்.
"கேக்குதா?"
"கேக்குது."
வேறொன்றும் கதைக்க எங்களுக்குத் தெரியாது.
பாதை பூட்டின கிழமை, ஊரடங்குக்கு முதல்,
அம்மா பற்றரியோடு கிணத்துக்குள் போட்டா.
ஏரியல் முளைத்த எதையும்
விளையாட்டென்று நம்புகிற காலமில்லை அது.
அந்தத் தண்ணியைத்தான் குடித்தோம்.

'இல்லை' என்பதில் புள்ளடி போட்டேன்.

கொழும்பிலிருந்து எடுத்த பெடியன் நல்லவன்.
தமிழைத் தேடித் தேடிக் கதைத்தான்.
"மிஸ், ஒரு இடம் சொல்லுங்க. ஒண்ணு."
"ஒரு இடத்தில நிண்டா எனக்கேன் தம்பி இது?"
கடதாசி புரளும் சத்தம்.
யாரையோ கேட்கும் சத்தம்.
"அப்ப அது வேற படிவம் மிஸ்.
நடமாடும் பாவனை. ஆறு பக்கம்."

நடமாடும் பாவனை.
எங்கள் பிழைப்பை ஒருவரும்
இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

அந்த ஆறு பக்கத்தில் 'அழைப்புப் பெயர்' என்று ஒரு நிரல்.
யூட் "கழுகு" எண்டான்.
கீர்த்திகன் இலக்கம் போடுவம் எண்டான், நாலு ஒண்டு, நாலு ரெண்டு.
எனக்குக் கை வரவில்லை.
இந்த ஊரில் அந்தப் பெட்டிக்குள்
சொந்தப் பேரில் கதைத்தவர்கள் எத்தனை பேர்?
ஆறு செட். ஆறு பேர்.
பள்ளிக்கூட இடாப்பு மாதிரி எழுதினேன்.

"முழுப் பேராக்கா?" சதுர்ஜன் எட்டிப் பார்த்தான்.
"முழுப் பேர். தகப்பன்ர பேரோட."

பதில் இன்னும் வரவில்லை.
தேருக்குப் பதினொரு நாள்.
ரோர்ச் லைற் இரண்டு தரம் மின்னினால் போடு,
மூன்று தரம் எண்டால் நிப்பாட்டு
என்று பெடியளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர் வாறது பகலில்.
சதுர்ஜன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.
சுன்னாகம் சந்தையில் ஒன்றரை யார்
சிவப்புத் துணி வெட்டுவித்துக்கொண்டு வந்து
லொறியின் முன்சீற்றில் வைத்துவிட்டுப் போனான்.