‘கட்’டுக்குப் பிறகு இரண்டு விநாடி

பிராட்ஃபோர்டின் ஒரு தெருவை
லண்டன் என்று நம்பவைத்தோம்.
ஆண்டு 1947.
குழாய் மழை, வாடகைத் தொப்பி நாற்பது,
நேற்றுதான் காய்ந்த பழைய சுவரெழுத்து:
அந்நியரே, வெளியேறுங்கள்.
அதைத் தேய்த்துத் தேய்த்து
வயதாக்கிக்கொண்டிருந்தார் கலை இயக்குநர்.

என் வேலை ஒலி.
காதில் ஹெட்ஃபோன், தோளில் நீளக் கழி,
நுனியில் நனைந்த பூனையாய் மைக்.

பேச்சாளராக நடித்தவர் ஜூலியன் ராக்.
எறும்புக்கும் வழிவிடும் ஆள்.
மரப்பெட்டிமேல் ஏறியதும்
குரல் வேறு யாருடையதோ ஆனது.
போரில் வென்றது நாம்தானே,
ரொட்டிக்கு ஏன் இன்னும் வரிசை?
நீங்கள் திரும்பி வந்தபோது
உங்கள் வீட்டில் யார் குடியிருந்தார்கள்?
வசனம் முழுக்கக் கேள்விகள்தான்.
பதிலைக் கூட்டமே எழுதிக்கொள்ளும் என்று
எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் டேக்கில் கைதட்டல் ஈர விறகு.
இரண்டாவதில் புகைந்தது.
“உங்களுக்குப் பசி, மறந்துவிடாதீர்கள்!”
இயக்குநர் கத்தினார்.
மிரியம் சோல்வே மட்டும் தட்டவில்லை.
கேட்டதற்கு,
“என் இரண்டு கையிலும் பொட்டலம்” என்றாள்.
அப்படி எதையும் யாரும் தந்திருக்கவில்லை.
ஓடிப்போய் இரண்டு கொண்டுவந்தார்கள்.

நான்காவது டேக் பற்றிக்கொண்டது.

“கட்.”

குழாயை மூடினார்கள். மழை நின்றது.
கைதட்டல் நிற்கவில்லை.
இரண்டு விநாடி.
ஒரு ஜோடிக் கை. ஒருவேளை இரண்டு.

பிறகு யாரோ சிரித்தார்கள், தேநீர் வண்டி வந்தது.
ராக் பெட்டியிலிருந்து இறங்கி
ஒவ்வொருவரிடமும்
“மன்னிக்கணும், வெறும் வசனம்தான்”
என்றபடி போனார்.
ஒருவர் அவர் கையைப் பிடித்தவர்
விடவே இல்லை.

எடிட்டிங் அறையில் அந்த இரண்டு விநாடியை
முப்பது முறை ஓட்டினேன்.
சொந்த டை கட்டிவந்த, ஓய்வுபெற்ற
பஸ் டிரைவர் டிபிட்டா?
கோட்டுக்குள் செல்போனை ஒளித்திருந்த பையனா?
கேமராவோ அந்நேரம் தலைகுனிந்து
ஈரக் கல்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அங்கே காலணிகள் மட்டும்.
அத்தனையும் நாங்கள் கொடுத்தவை.

ஒளிபரப்பில், ஐம்பத்திரண்டாம் நிமிடம்,
இன்ஸ்பெக்டர் கார்பெட் கொலையாளியைப் பிடித்தார்.
கட்சி இல்லை, கொள்கை இல்லை,
ஒரு அத்தையின் உயில்.
“நல்லவேளை” என்று எழுந்து
கெட்டிலை வைக்கப் போனாள் என் தங்கை கோரா.

வெட்டிய துண்டை நான் அழிக்கவில்லை.
‘மழை, உபரி’ என்று பெயரிட்டு வைத்தேன்.
காட்டிக்கொடுக்கப் பெயரில்லை,
தூக்கிப்போட மனமில்லை.

போன வியாழன் வேறொரு தொடர்.
கல்யாணக் காட்சி, தேவாலய வாசல், தூறல்.
புதிதாகச் சேர்ந்த உதவியாளன்
அவசரத்தில் அதையே எடுத்து
மணப்பெண்ணின் குடைமேல் போட்டுவிட்டான்.

நான் கேட்டேன்.
பொருத்தமாகத்தான் இருந்தது.