என் பால்

மூன்று வருடம் உன் முதுகைத்தான் பார்த்தேன், யோகராசா.
முகம் மெஸ்ஸில் பார்த்ததோடு சரி.
ஐந்தாம் நம்பர் பனியன்.
ஐந்தின் தொப்பை உரிந்துபோய்
தலைகீழாய் நிற்கும் ஒரு ‘ட’.
இடது பூட்ஸ் மட்டும் சீக்கிரம் தேயும் உனக்கு.
எந்தப் பந்துக்கும் இடப்பக்கமாகவே திரும்புவாய்,
உனக்கே தெரியாது அது,
எனக்குத் தெரியும்.

எச்.ஏ.டி.பி. மைதானத்தில் மூன்று மணிக்கு மேல்
முதலில் எதிர் கோல் போஸ்ட் காணாமல் போகும்
பிறகு நடுக்கோடு
பிறகு ரெஃப்ரி
கடைசியில் நீ.
அப்புறம் காதால்தான் கீப்பிங்.
ஈரப் புல்லை ஸ்டட் கிழிப்பது,
யாரோ இருமுவது,
“லைனை ஏத்து, ஏத்துடா” என்று உன் குரல்,
பந்து உன் நெற்றியில் படும்போது
நனைந்த மூட்டையைத் தரையில் போட்டாற்போல்
ஒரு ‘தொப்’.
அது கேட்டால் நான் மூச்சு விடலாம்.

“என் பால்” என்று கத்தணும், வயிற்றிலிருந்து கத்தணும்,
கத்தினால் கீப்பருக்கு, கத்தாவிட்டால் பேக்குக்கு,
அவ்வளவுதான் சட்டம் என்றார் பெனடிக்ட் சார்.
“ஆவின் பாலா சார்?” என்று கேட்டு
மைதானத்தை நாலு சுற்று ஓடினாய்.

பேக் ஆடுகிறவனுக்குக் கணக்கு கிடையாது.
அடித்த கோலை நோட்டில் எழுதுவார்கள்.
அடிக்க முடியாமல் போனதை எந்தப் பக்கத்தில் எழுத?
கோவைக்காரர்களின் ஒன்பதாம் நம்பர்
முதல் பாதி முழுக்க உன்னோடு மல்லுக்கட்டிவிட்டு
“அண்ணா, நீங்க தூங்கவே மாட்டீங்களா” என்றான்.
நீ ஆரஞ்சுக் கொட்டையைத் துப்பிவிட்டு
பனியனை இழுத்துவிட்டுக்கொண்டாய்.

சேரம்பாடி டேன்டீ லைன் பையன்.
முதல் வருடம் கேலரியில் ‘சிலோன்’ என்றார்கள்.
இரண்டாம் வருடம் ‘ஸ்டாப்பர்’.
மூன்றாம் வருடம், ஆடிச் சாரலில் ஆடிய
அந்த ஃபைனலுக்குப் பிறகு என்ன சொன்னார்களோ
அதை எழுத மாட்டேன்.

ஸ்கோர் பூஜ்யம் பூஜ்யம்.
மூன்று நிமிஷம் இருந்தது.
வலப்பக்கம் எங்கேயோ மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கிராஸ்.
இரண்டடி வெளியே வந்தேன்.
பந்து தெரிந்தது.
எனக்கு மட்டும் தெரிந்தது.
நல்ல பந்து, மெதுவான பந்து,
சின்னப் பிள்ளை பிடிக்கிற பந்து.
வாயும் திறந்துதான் இருந்தது.
கூப்பிட்டுவிட்டு நழுவவிட்டால் என் பேர்தானே வரும்
என்று அரை விநாடி.
யாரும் கூப்பிடாததால் நீ எழும்பினாய்,
இடப்பக்கமாகத் திரும்பி.

‘தொப்.’
பழக்க தோஷம், மூச்சு விட்டேன்.
அதற்கப்புறம்தான்
பின்னால் வலை சலசலத்தது.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை
கோல் பக்கத்தில் உன் பேர்,
நமக்கு எதிராக.
ரூமில் சாக்ஸைப் பிழிந்துகொண்டே பெனடிக்ட் சாரிடம் சொன்னாய்:
“அவன் கூப்பிட்டான் சார். மிஸ்டுல எனக்குத்தான் கேக்கல.”
நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
வெகுநேரம் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருடம்.
கூட்டுறவு வங்கியில் கூப்பிடத் தேவையில்லை,
டோக்கன் மெஷின் கூப்பிடுகிறது.

போன செவ்வாய் மரப்பால வளைவில்
என் வண்டிக்கு முன்னால் ஒரு கேரட் பிக்கப்.
தார்ப்பாய், சாக்கு, எரியாத இடது லைட்.
எதிரே ஒன்றும் தெரியாத மூடுபனி.
டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வந்தது.
உள்ளங்கையை விரித்து, இரு என்றது.
லைனை நிறுத்துகிற கை.
லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது.
பிறகு விரலை மடக்கி, வா என்றது.

நான் போகவில்லை.
கண்ணாடியை இறக்கி, வயிற்றிலிருந்து, முழுசாக,
கத்தினேன் அந்த இரண்டு வார்த்தையை.

நீயா என்று தெரியாது.
பிக்கப் கீழே இறங்கிப்போய்விட்டது.
பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன்
எடுக்கவே இல்லை.