பதினோரு பேருக்கு ஒரு டப்பா

கடை திறக்க இருபது நிமிடம் இருக்கையில்
லிஃப்ட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்போம்.
டப்பா ஒன்று, பஞ்சு ஒன்று,
முகங்கள் பதினொன்று.
டப்பாவின் நிறத்துக்குத் தந்தம் என்று பெயர்.
'நாமெல்லாம் மிச்ச யானை'
என்பாள் ஷம்னா, வாய் கோணாமல் பூசிக்கொண்டே.

முகம் பளிச்சென்று இருந்தால்தான்
மாலை எடுபடுமாம்.
மேனேஜர் பிரதீஷ் இதைத் தமிழில் சொல்வார்.
அதட்டுவது மலையாளத்தில்.

முதல் பரு ஓணத் தள்ளுபடி வாரத்தில் வந்தது,
தாடையோரம், கடுகளவு.
அதை மறைக்க ஒரு விரல் கூடுதலாக எடுத்தேன்.
கூடுதலாக எடுத்ததற்கு இன்னும் மூன்று.
மூன்றை மறைக்க
நெற்றிவரை பூசினேன்.
செய்கூலி, சேதாரம் எல்லாம்
மனக்கணக்காய்ப் போடுகிறவள் நான்.
என் கன்னத்துச் சேதாரத்துக்கு மட்டும்
எந்த பில்லிலும் கட்டமில்லை.

எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து என்றாள் அம்மா.
யாரோ உன்னை நினைக்கிறார்கள் என்றாள்
பிச்சனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி.
நினைப்பது யாரென்று யோசித்துப் பார்த்தேன்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும் தூங்கிவிட்டேன்.

கோழிஞ்சாம்பாறையில் தோல் டாக்டர்
சனிக்கிழமை மட்டும் வருவார்.
'அடுத்தவர் தொட்ட பஞ்சா? அதுவும் தினமும்
பத்து மணி நேரம் மூடி வைத்தா?
ரெண்டு மாசம் முகத்தை விட்டுவிடு' என்றார்.
முகத்துக்கு ஒரு லீவ் லெட்டர் தருவீங்களா என்றேன்.
சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் எழுதித் தந்தார்.

பிரதீஷ் அதை நாலாக மடித்து,
கல் விழுந்த மூக்குத்திகள் கிடக்கும்
டிராயரில் போட்டார்.
'ரெண்டு மாசம் மேலே ரசீது அடுக்கு.
இன்சென்டிவ் கிடையாது மோளே.'

அன்று கடைசியாக ஒரு கல்யாணப் பெண்.
கொல்லங்கோட்டுக்காரி.
காசுமாலைக்குப் பின்னால் கொக்கி போடக் குனிந்தபோது
அவள் காதடியில் பார்த்தேன்,
அதே தந்தம்,
அதன் கீழே அதே கடுகுகள்.
கண்ணாடியில் நாங்கள் இருவரும்
ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.
மாலை நல்லா இருக்கு என்றேன்.
மாலை நல்லா இருக்கு என்றாள் அவளும்.

பஞ்சை நான்தான் எடுத்தேன்.
கோரையாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும்.
தண்ணீர் இல்லை. மணலில் விழுந்தது.

மறுநாள் லிஃப்ட்டுக்குப் பின்னால்
பத்துப் பேரும் பத்து நிறத்தில் நின்றிருந்தார்கள்.
இத்தனை நாளில்
ஷம்னாவின் மூக்கில் மச்சம் இருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.
அதிக நேரமில்லை. பத்து நிமிடம்.
ஃபேன்சி ஸ்டோரிலிருந்து
புதுப் பஞ்சு ஒன்றை வாங்கி வந்தான் வாட்ச்மேன்.

ஷம்னா அதை வாங்கி,
விலைச்சீட்டு நறுக்கும் கத்தரியால்
துண்டு போட ஆரம்பித்தாள்.
யாரும் தடுக்கவில்லை.
பதினோராவது துண்டு கோணலாக வந்தது.
அதை மாடிப்படிவரை கொண்டுவந்து
என் கையில் வைத்தாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
டிபன் டப்பாவின் மேல்தட்டில்
இன்னும் உலர்ந்தே கிடக்கிறது.
இன்றைக்கு இருபத்தாறாவது நாள்.