பாயாச அகப்பை

மல்லாவி மண்டபத்துக்குப் பின்னால
நேற்றே கிடங்கு வெட்டியாச்சு.
"போனமுறை ஆழம் காணுமோ?" எண்டான்
பெக்கோ ஓட்டுற தயாபரன்.
இந்த மண்ணில எதுக்கெல்லாம் கிடங்கு வெட்டினது எண்டு
அவனும் கேக்கேல்லை,
நானும் சொல்லேல்லை.

எண்ணூறு பேருக்கு உலை.
விடியத் தொடங்கின மழை.
ஐயங்கன்குளம் பஸ் வரேல்லை.
வாசலில செருப்பை எண்ணினன்:
ஐந்நூறு சோடியும் தேறாது.

பந்தியில நிண்டு "போதுமோ" எண்டு கேட்டால்
பொம்பிளை வீட்டுக்கு இழுக்கு.
வாயால கேக்கேலாததைக் கையால கேட்டன்:
சோத்துக்குப் பாயாச அகப்பை.

சட்டியில நிறைய இருந்தது.
அகப்பையிலதான் வரேல்லை.

மூண்டாம் பந்தியில ஒருத்தர் நிமிந்து பாத்தார்.
"இன்னும் போடு பிள்ளை."
போட்டன். வழிச்சுச் சாப்பிட்டார்.
இலை எடுக்கேக்க
கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை,
ஆரோ ஒரு குழந்தை கடிச்ச வடை.

கை படாத சோறு
ஆறு வாளி, மூடியோட,
லான்ட்மாஸ்டர் பெட்டியில ஏறிப் போகுது
பஸ் வராத ஐயங்கன்குளத்துக்கு.
பருப்பு தளும்பாமல் பிடிச்சுக்கொண்டு
மாப்பிள்ளையின்ர தம்பி,
வேட்டியை மடிச்சுக் கட்டி.

கிடங்குக்குள்ள மழைத்தண்ணி.
ரெண்டு தவளை.
மூடுறதுக்கும் அதே காசுதானாம்,
தயாபரன் சொல்லிப்போட்டான்.