நிலக்கறி

ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் இல்லை.
பெரியவருக்கு நாலு வெள்ளி, பிள்ளைக்கு இரண்டு.
வாரம் ஆறு நாள் மண் தோண்டுகிறவன்
காசு கொடுத்துப் பள்ளம் பார்க்க வந்திருக்கிறான் என்று
லோகேஸ் சிரிக்கிறாள்.

செம்பனைத் தோட்டம் முடிகிற வளைவில்
தரை சட்டென்று தொலைந்துபோகிறது.
படிப்படியாய் வெட்டிய சரிவு,
அடியில் பச்சைத் தண்ணீர்,
அதில் அன்ன வடிவில் மூன்று மிதிபடகுகள்,
கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன.

என் கண் எதையும் பக்கெட்டால்தான் அளக்கும்.
படிக்கு ஆறு மீட்டர். ஏழு படி தெரிகிறது.
தண்ணீருக்குள் எத்தனையோ.
இவ்வளவு மேல்மண்ணை எங்கே கொட்டினார்கள்?
திரும்பிப் பார்த்தேன்.
கார் நிறுத்திய மேடு,
அதன் பின்னால் முனியாண்டி கோயில்,
அதற்கும் பின்னால் தமிழ்ப்பள்ளி, ஒட்டுக்கடை,
போலீஸ் நிலையம்.
கொட்டின மண்ணின்மேல்தான்
ஊரே உட்கார்ந்திருக்கிறது.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு பலகை.
நான்கு மொழி. தமிழ் கடைசியில், சின்ன எழுத்தில்.
மூன்றாம் ஆண்டு படிக்கும் ஹர்வித்தா
விரல் வைத்து வாசிக்கிறாள்:
இங்கே நிலக்கறி வெட்டி எடுக்கப்பட்டது.
நின்று, மறுபடி வாசிக்கிறாள்.
"அப்பா, பெரிய ற போட்டிருக்காங்க.
கறின்னா கோழிக்கறிதானே?"

லோகேஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
வறுவலா, பிரட்டலா?
டிக்கெட் மேசையிலிருந்து ஹஸ்லீனா எட்டிப் பார்த்து
என்ன விஷயம் என்கிறாள்.
மலாயில் சொல்ல முயன்று தோற்றேன்.
அராங் எங்கே, காரி எங்கே.
அவள் மொழியில் இந்தப் பிழையைச்
செய்யவே முடியாது.

அப்புறம் அந்த மெஷின்.
புது மஞ்சள் பெயிண்ட். சங்கிலிப் பட்டைக்கடியில்
சிமெண்ட் ஊற்றி நிறுத்தியிருக்கிறார்கள்.
எடை, வருடம், செய்த நாடு
எல்லாம் எழுதியிருக்கிறது.
ஓட்டினவன் பெயர் இல்லை.
பக்கெட்டுக்குள் நின்று படமெடுத்த பிள்ளைகள்
இறங்கும்வரை காத்திருந்து
பற்களைத் தடவினேன்.
வலது ஓரம் இன்னும் கூர்.
இடது ஓரத்துப் பல்
கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருக்கிறது.

இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்தே வெட்டியிருக்கிறான்.
எனக்கும் அதே பழக்கம்.
சூப்பர்வைசர் கவிராஜன் மாதாமாதம் ஏசுவார்:
ஒரு பல்லு முந்நூறு வெள்ளிடா,
உன் சம்பளத்துல பிடிக்கவா?
இவனையும் யாரோ ஏசியிருப்பார்கள்.
எந்த மொழியில் என்று தெரியவில்லை.
நம்மாளா, சீனரா, ஜாவாக்காரரா,
தேய்ந்த பல்லைப் பார்த்து
யாருக்குச் சொல்லத் தெரியும்?

கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை வில்லைகள்.
காலையில் எடுத்துப்போய்
வேலை முடிந்ததும் ஆணியில் மாட்ட வேண்டுமாம்.
88க்கும் 90க்கும் நடுவில்
ஆணி மட்டும்.
தொலைந்திருக்கலாம்.
சட்டைப்பையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம்.
லோகேஸ் அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.
அதுவரை சிரித்ததையெல்லாம்
நிறுத்திவிட்டிருந்தாள்.

காரில் மார்க்கர் பேனா இருந்தது,
எண்ணெய் மாற்றின தேதி எழுத வைத்திருப்பது.
"திருத்துங்கப்பா," என்றாள் மகள்.
பலகை முன்னால் மூடியைத் திறந்தேன்.
வெயிலில் மை வாடை.
கீழே அந்தப் பள்ளம்,
வழித்துத் தின்ற தட்டு மாதிரி.
எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.
மூடியைத் திரும்பப் போட்டேன்.

அவளுக்குக் கோபம்.
வருகையாளர் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு
ர
என்று எழுதினாள்.
கீழே பெயர், வகுப்பு, தேதி.
ஹஸ்லீனா அதைப் பார்த்து
படமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஏழரை மணி.
புதுத் தாமானுக்காகக் குன்றைச் சரிக்கிற வேலை.
முதல் பத்து வாளியையும்
வலப்பக்கமாய்ச் சாய்த்து வெட்டிப் பார்த்தேன்.
கை வரவில்லை.